பாண்டவர் வீடும் 17 கன மீட்டர் ஜல்லியும்

போன மாதம் என் பழைய நண்பர் ஒருவர் மகனைப் பார்க்க லண்டன் போயிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்து ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர்கள். அங்கிருந்து தினமும் வாட்ஸப்பில் படம் வரும். ஒரு நாள் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கு முன்னால் கோட்டும் குல்லாயுமாக நின்று ஒரு படம் அனுப்பினார். கீழே இப்படி எழுதியிருந்தார்: "நாலாயிரத்து ஐநூறு வருஷத்துக் கல்லு. ஒரு கயித்தைக் கட்டி எப்படிக் காப்பாத்தறான் பாருப்பா. நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இருந்தா விட்டு வெச்சிருப்போமா?"

எந்தச் செய்திக்கும் உடனே பதில் போடுகிறவன் நான். இதற்கு இரண்டு நாள் போடவில்லை. நம் ஊரில் இப்படி ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதில் ஒன்றை விட்டு வைக்காத ஆள் நான்தான் என்பதும் தெரியும். அந்தக் கதையையும், அது பற்றி இன்றைக்கு எனக்குத் தோன்றுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்போது அது சேலம் ஜில்லா. ஊருக்கு மேற்கே கரட்டை ஒட்டி மேய்ச்சல் நிலம். அங்கே பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகப் பதிந்திருக்கும். வட்டத்துக்கு நடுவில் மண்ணும் சரளையும் கலந்த மேடு. கரட்டின் மேலே போனால், நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல்லால் மூடிய குட்டி வீடுகள். ஒரு பக்கத்துப் பலகையில் தலை நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை.

எல்லாவற்றுக்கும் நாங்கள் சொன்ன பெயர் பாண்டவர் வீடு. பஞ்சபாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்பாள் பாட்டி. "இவ்வளவு சின்ன வீட்ல பீமன் எப்படிப் பாட்டி படுத்தான்?" என்று கேட்டால், "அந்தக் காலத்துல எல்லாரும் குள்ளமாத்தான்டா இருந்தாங்க, போடா" என்பாள். ஆனால் ஒரு விஷயத்தில் பாட்டி விளையாட மாட்டாள். ஆடு மேய்க்கப் போகலாம், நிழலில் உட்காரலாம், கல்லை மட்டும் அசைக்கக் கூடாது. அசைத்தால் வீட்டில் யாருக்காவது ஆகாது. ஊரில் அத்தனை பேரும் இதை நம்பினார்கள். வீடு கட்டக் கல் தேடுகிறவன்கூட அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் வேறு இடத்தில்தான் எடுத்தான்.

சரி, 1978-க்கு வருகிறேன். டிப்ளமோ முடித்து ஓவர்சீயராகச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. மலையடிவாரத்து ஊர் இரண்டை இணைக்கிற கப்பி ரோடு என் பொறுப்பில் வந்தது. மூன்று கிலோமீட்டர் சொச்சம். குவாரி பதினோரு கிலோமீட்டர் தள்ளி. தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஜல்லிக்கு ஆகிற செலவில் வண்டிக்கூலி பெரும் பங்கு. அதை நாங்கள் 'லீட்' என்போம். எஸ்டிமேட்டில் பணம் இழுபறியாக இருந்தது. ரோட்டுக்கு நூறு கஜ தூரத்தில் ஒரு கல்வட்டம். காண்ட்ராக்டர் அதைக் காட்டி, "சார், லீடே இல்லாம கல்லு கிடக்குது" என்றார். நான் சரி என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசித்ததாக ஞாபகம் இல்லை.

முதல் நாள் ஆட்கள் கை வைக்க மாட்டோம் என்றார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் வந்தார்.

"சாமி, அது பெரியவங்க எடம். எங்கப்பன் காலத்துலகூட யாரும் தொட்டதில்ல. வேணாம் சாமி."

"பெரியவரே, கல்லுக்குள்ள பேயும் இல்ல, பாண்டவரும் இல்ல. ரோடு வந்தா உங்க ஊருக்குத்தான் பஸ் வரும்" என்றேன்.

"பஸ்ஸு வரட்டும் சாமி. ரோட்டுக்குப் போட வேற எங்கயும் கல்லே இல்லையா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மேஸ்திரி ஒரு தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தினார். அதற்குப் பிறகு வேலை நடந்தது.

மூன்று நாள். சுற்றியிருந்த உருண்டைக் கற்களைச் சம்மட்டியால் பிளந்தார்கள். மேட்டைக் கிளறியதும் அடியில் ஒரு பெரிய பலகைக்கல் தட்டுப்பட்டது. கடப்பாரை போட்டு நெம்பியபோது கீழே பெட்டி மாதிரி ஒரு அறை. உள்ளே உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாகப் பானைகள், துருவேறிய அரிவாள் போன்ற ஒரு இரும்புத் துண்டு, கொஞ்சம் எலும்பு. தங்கம் இருக்கும் என்று நினைத்த ஆட்கள், இல்லை என்றதும் பானைகளைப் போட்டு உடைத்தார்கள். நான் ஒரு சின்னக் கிண்ணத்தை மட்டும் எடுத்து வந்தேன். என் மனைவி அதில் ஊசியும் பட்டனும் போட்டு வைத்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து மாற்றலாகிச் சாமான் ஏற்றும்போது அதுவும் உடைந்தது.

எம்.புக்கில் என் கையெழுத்தில் நான் எழுதியது இதுதான்: 40 மி.மீ. ஜல்லி, 17 கன மீட்டர். பழைய கணக்கில் ஆறு யூனிட். பன்னிரண்டு அடி அகல ரோட்டில் 150 அடிக்கு ஒரு அடுக்கு. அந்தப் பெட்டிக்குள் இருந்தவருக்கு அவர் ஊர்க்காரர்கள் செய்த மரியாதை 150 அடி ரோடாகப் போனது. எஸ்டிமேட்டுக்குள் வேலையை முடித்தேன் என்று மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கினேன். நண்பர் படம் அனுப்பிய அந்த ஸ்டோன்ஹெஞ்சில் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்த ஆரம்பித்தது 1977-ல் என்று பிறகு படித்தேன். அதற்கு அடுத்த வருஷம்தான் நான் சம்மட்டி எடுக்கச் சொன்னது.

ஓய்வு பெற்ற பிறகுதான் நான் உடைத்தது என்ன என்று தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் தெரிந்தால்தான் நம் கண்ணுக்கு அது வெறும் கல்லாகத் தெரியாது.

பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். தென்னிந்தியாவில் இவற்றை வகை பிரித்து வி.டி. கிருஷ்ணசாமி என்ற தொல்லியல் அறிஞர் 1949-ல் எழுதிய கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். தரைக்கு மேலே பலகைக்கற்களை நிறுத்தி மூடியது கல்திட்டை. அதையே குழி தோண்டித் தரைக்கு அடியில் கட்டினால் கற்பதுக்கை. மேலே கல்லைக் குவித்திருந்தால் கற்குவை. சுற்றி உருண்டைக் கல் பதித்தால் கல்வட்டம். பல இடங்களில் மூன்றும் சேர்ந்தே இருக்கும்: அடியில் பதுக்கை, மேலே குவை, சுற்றி வட்டம். நான் உடைத்தது அந்த ரகம். தனியாக உயரமாக நிறுத்திய ஒற்றைக் கல் நெடுநிலைக்கல். எங்கள் பக்கம் குத்துக்கல் என்போம். "குத்துக்கல்லு மாதிரி நிக்கிறியே" என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திட்டுவாரே, அந்தக் குத்துக்கல்தான்.

கேரளத்தில் திருச்சூர் பக்கம் சேரமானங்காட்டில் குடைக்கல் என்று ஒரு வகை. செம்புறைக்கல்லைச் செதுக்கிக் காளான் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். மறையூரில் உள்ள கல்திட்டைகளை அந்த ஊர் மக்கள் முனியறை என்கிறார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரிலும் விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்திலும் பெரிய பலகைக்கல்லையே, தலையில்லாமல் தோள் விரிந்த மனித உருவம் போலச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

கல் இல்லாத வகையும் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகள் கூட்டம் கூட்டமாகப் புதைந்திருந்தன. 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியரும், பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவரும் அங்கே தோண்டினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கிடைத்தது சுடுமண்ணில் செய்த தொட்டி, கீழே வரிசையாகக் குட்டிக் கால்கள். அதை ஈமப்பேழை என்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் சாணூரில் 1950-லும் 1952-லும் தோண்டியபோது கல்வட்டத்துக்கு அடியில் அப்படிப்பட்ட பேழைகள் கிடைத்தன. ஆகவே இதெல்லாம் தனித்தனிச் சாதி அல்ல. அந்தந்த ஊரில் என்ன கிடைத்ததோ அதை வைத்துச் செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மல்லச்சந்திரம் மலையில் போய்ப் பாருங்கள். மேலே வெறும் பாறை, தோண்ட மண் கிடையாது. அதனால் கல் வீடுகள் பாறைக்கு மேலேயே நிற்கின்றன. ஆற்றோரத்தில் களிமண் உண்டு, குயவர் உண்டு, அங்கே தாழி.

இனி கட்டிய விதம். இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கல்லோடு முப்பத்தைந்து வருஷம் பிழைத்தவன்.

முதலில் பலகைக்கல் எப்படிக் கிடைத்தது? எங்கள் பக்கத்துப் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரியும். மேல் அடுக்கின் மீது விறகை வரிசையாக அடுக்கி எரித்தால், சூட்டில் அந்த அடுக்கு மட்டும் எழும்பிக் கீழ்ப் பாறையை விட்டுப் பிரியும். சூடாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் விரிசல் ஓடும். வெடிமருந்து இல்லாமல் இப்படிக் கல்லைச் சுட்டு எடுப்பதைச் சின்னக் குவாரிகளில் நானே பார்த்திருக்கிறேன். சுத்தியால் தட்டி, ஓசையை வைத்தே, "இதுவரைக்கும் விட்டுடுச்சு, இங்க இன்னும் பிடிச்சிருக்கு" என்று சொல்வார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கும் இரும்பு உளி இருந்தது. ஓரத்தைத் தட்டி நேராக்க அது போதும்.

அடுத்து எடை. எட்டடி நீளம், ஆறடி அகலம், ஒன்பது அங்குல கனம் உள்ள ஒரு மூடுபலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 36 கன அடி. கருங்கல் கன அடிக்கு ஏறக்குறைய 75 கிலோ. மொத்தம் 2,700 கிலோ. உருளைக்கட்டை போட்டு, வடக்கயிறு கட்டிச் சமதரையில் இழுக்க என் கணக்குப்படி இருபது இருபத்தைந்து பேர் போதும். மண்ணைக் கொட்டிச் சரிவு அமைத்து மேலே ஏற்ற நாற்பது பேர் வேண்டும். கோயில் தேரில் வடம் பிடித்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய சங்கதியாகத் தெரியாது.

பலகைகளை நிறுத்துவதில்தான் மூளை இருக்கிறது. கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் பிரம்மகிரியில் 1947-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அதைத் தெளிவாகப் பதிவு செய்தார். நாலு பலகையையும் வெறும் சதுரமாக நிறுத்தவில்லை. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை பக்கத்துப் பலகையைத் தாண்டி நீண்டிருக்கும், மறு முனை அடுத்த பலகையின் உள்முகத்தில் முட்டி நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். சுற்றியிருக்கும் மண் வெளியிலிருந்து உள்ளே தள்ளத் தள்ள, ஒன்று இன்னொன்றைத் தாங்கி இறுகிக்கொள்ளும். சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, கம்பி கிடையாது. நான் கட்டிய கல்வெர்ட்டில் சில, நான் ஓய்வு பெறுவதற்குள்ளேயே விழுந்துவிட்டன. இவை இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கின்றன.

நான் கட்டியிருந்தால் இந்த வரிசையில் செய்திருப்பேன். குழி, அடியில் தளக்கல், நாலு பக்கப் பலகை, வெளியே மண்ணும் சல்லியும் இட்டு நிரப்பிக் கெட்டித்தல், அந்த மண்ணையே சரிவாக்கி அதன்மேல் மூடுபலகையை இழுத்து ஏற்றுதல். கடைசியில் மேலே கற்குவை, சுற்றி வட்டம். சரிவுக்குக் கொட்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போக வேண்டாம், அதுவே மேடாகிவிடும். வேலை தெரிந்தவன் வேலை இது.

பலகையில் உள்ள ஓட்டையை இடுதுளை என்கிறார்கள். பிரம்மகிரியில் அது கிழக்குப் பலகையில். பல இடங்களில் ஒரு முழு ஆள் நுழைய முடியாத அளவு. அறைக்குள்ளே ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. இறந்தவரை வேறிடத்தில் வைத்து, பிறகு எலும்பைச் சேகரித்து உள்ளே வைத்திருக்கிறார்கள், பிற்பாடு வந்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நாம் பத்தாம் நாள், பதினாறாம் நாள் என்று செய்வதையும், சாம்பலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவதையும் நினைத்துப் பார்த்தேன். ரொம்ப தூரத்து ஜனங்கள் மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

இலக்கியத்திலும் இது இருக்கிறது. சுடுவது, வெறுமே இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, பள்ளத்து அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து முறைகளை மணிமேகலை சொல்கிறது. புறநானூற்றில், கணவனை இழந்த ஒருத்தி தாழி செய்யும் குயவனிடம், தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கிற பாட்டு ஒன்று உண்டு. அதைப் படித்த அன்று, என் மனைவி ஊசி போட்டு வைத்திருந்த அந்தக் கிண்ணம் நினைவுக்கு வந்து புத்தகத்தை மூடிவிட்டேன்.

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கற்களை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியது எது? சட்டம் இல்லை, சர்க்கார் இல்லை. என் பாட்டியின் பயம்தான். தப்பான காரணம், ஒப்புக்கொள்கிறேன். பாண்டவர் அங்கே தங்கவும் இல்லை, கல்லை அசைத்தால் யாருக்கும் ஆகாமல் போகவும் போவதில்லை. நான் உடைத்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு சரியான விஷயம் இருந்தது. 'இது பெரியவர்கள் இடம், நம்முடையதல்ல' என்ற விஷயம். படித்த நாங்கள் வந்து பயத்தைத் துடைத்தோம். அது போன இடத்தில் அறிவை வைத்திருக்க வேண்டும். எதையும் வைக்கவில்லை. காலியாக விட்டுவிட்டோம். அந்தக் காலி இடத்தில் இப்போது ஜேசிபி நிற்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1958-ல் மத்திய அரசுச் சட்டம், 1966-ல் தமிழ்நாட்டுச் சட்டம். நினைவுச்சின்னம் என்று அறிவித்த இடத்தை அவை காக்கும். மல்லச்சந்திரம் அப்படிக் காக்கப்படுகிற இடம். அறிவிக்காத கல்வட்டம் நம் மாவட்டங்களில் எத்தனையோ கிடக்கிறது. அதன் கதி பக்கத்து நிலத்துக்காரர் மனசைப் பொறுத்தது. புதையல் பற்றி 1878-லேயே சட்டம் உண்டு. மண்ணுக்குள் கிடைத்ததைக் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். ஓவர்சீயராக இருந்த எனக்கே அது தெரியாது. சம்மட்டி பிடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இன்னொரு பக்கம் பெருமை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் வந்திருக்கிறது. எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு எத்தனை வாட்ஸப் வந்தது தெரியுமா? 'தமிழன்டா' என்று பத்து குரூப்பில் வந்தது. அனுப்பியவர்களில் ஒருவர் வீட்டு மனையிலேயே கல்வட்டத்துக் கற்களைச் சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரமாகப் போட்டிருக்கிறார். எத்தனை வருஷம் பழசு என்பதில்தான் நமக்கு ஆசை. பழசாக இருப்பது எது என்று பார்ப்பதில் இல்லை. தோண்டிப் படிக்காத ஒரு கல்வட்டத்தை உடைத்தால், அதற்குள் எந்த வருஷம் இருந்தது என்று இனி எந்தக் கூடமும் சொல்ல முடியாது. கொடுமணலில் ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. நான் உடைத்த பெட்டியின் மூலையில் என்ன இருந்தது என்று நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

விவசாயி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவர் நிலத்தின் நடுவில் முப்பதடி வட்டம் இருந்தால், உழவுக்கு அது இடைஞ்சல். நிலக்கடலை போடுகிறவரிடம், 'நீ நம் பண்பாட்டைக் காப்பாற்று, நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறோம்' என்றால் அது அநியாயம். அவருக்குப் பயந்துகொண்டு விஷயத்தை வெளியில் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் நிலத்தையே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார். அதனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைத் தள்ளிவிடுகிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஆகவே எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். கிணறு, பாறை, வண்டிப்பாதையைக் குறிப்பது போல, கல்வட்டத்தையும் கல்திட்டையையும் கிராமத்து நில வரைபடத்தில் குறிக்க வேண்டும். ரோடு போட வருகிற ஓவர்சீயர் பார்க்கிற காகிதம் அதுதான். 1978-ல் என் கையில் இருந்த வரைபடத்தில் அங்கே ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தால் நான் வேறு இடத்துக்குப் போயிருப்பேன், சட்டத்துக்குப் பயந்தாவது. இரண்டாவது, கல்லை அசைக்காமல் விட்டு வைக்கிற விவசாயிக்கு அந்த அளவு நிலத்துக்கு வருஷா வருஷம் ஒரு தொகை கொடுக்கட்டும். நிலம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். ரோட்டுக்கு நாம் செலவு செய்வதைப் பார்க்கும்போது அது கடுகளவு.

மூன்றாவது, நம் மாதிரி ஆட்கள். காலையில் நடக்கப் போகிறோம், நேரம் இருக்கிறது. எது எங்கே இருந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். கடந்த இரண்டு வருஷமாக என் பேரனைக் கூட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் சின்ன வயதில் பார்த்த இடங்களுக்குப் போய் வருகிறேன். ஒரு நோட்டில் ஊர்ப் பெயர், எந்த வகை, எத்தனை கல், இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறோம். பேரன் செல்போனில் படம் எடுத்து இடத்தைக் குறிக்கிறான். இதுவரை பதினொரு இடம். நாலு இடத்தில் ஒரு கல்கூட மிச்சமில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். நாங்கள் எதையும் தோண்டுவதில்லை, எதையும் எடுப்பதில்லை. ஒரு நகலை மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கும் அனுப்பியாயிற்று.

போன தடவை பேரன் கேட்டான், "தாத்தா, இதைக் கட்டினவங்க ராஜாவா?" நான் கணக்கைச் சொன்னேன். நாற்பது பேர் வேலை, பல நாள் சாப்பாடு. ஒருத்தர் செத்துப்போனதற்கு நாற்பது பேர் வேலையை விட்டு வந்து கல் இழுத்திருக்கிறார்கள் என்றால், அவர் ராஜாவோ இல்லையோ, நாற்பது பேருக்கு வேண்டியவர். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க உடைச்சதும் அப்படி ஒருத்தரோடதா?" என்றான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

ஸ்டோன்ஹெஞ்ச்காரர்களும் பிறக்கும்போதே யோக்கியர்கள் அல்ல. அங்கேயும் ஒரு காலத்தில் துண்டு பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1915-ல் அந்த இடம் ஏலத்துக்கு வந்தது. செசில் சப் என்பவர் வாங்கினார், 1918-ல் நாட்டுக்கே எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கயிறு கட்டவே அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. அவர்கள் கற்றுக்கொண்டார்கள், நாமும் கற்றுக்கொள்ளலாம்.

நண்பருக்குக் கடைசியில் பதில் போட்டேன். "ஊருக்கு வாப்பா, கிருஷ்ணகிரியிலேயே காட்டறேன். டிக்கெட் வேண்டாம். நான் உடைச்ச இடத்தையும் காட்டறேன்" என்று எழுதினேன். அந்த ரோடு இப்போது தார் ரோடு. பஸ் வருகிறது, ஒரு நாளைக்கு நாலு தடவை. வட்டம் இருந்த இடத்தில் வேலிக்காத்தான் முளைத்திருக்கிறது. அந்தக் கிழவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லத் தெரியவில்லை. கல் வேறு எங்கும் இல்லாமலா இருந்தது?

உங்கள் ஊரில் பாண்டவர் குழி, பாண்டவர் வீடு, குள்ளர் வீடு, முனியறை என்று எந்தப் பெயரிலாவது ஒன்று இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், போதும்.